மதகுச் சாவி யார் கையில்? ஒரு வாய்க்காலும் ஏழு நாடுகளும்

போன ஆவணியில் ஒரு ராத்திரி, பதினொரு மணிக்கு மேல் இருக்கும், சித்தப்பாவும் நானும் டார்ச் லைட்டோடு வாய்க்கால் கரையில் நடந்து போனோம். நேரடி விதைப்பு போட்டுப் பன்னிரண்டு நாள், வயல் பாளம் பாளமாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. ஆற்றில் தண்ணீர் போகிறது, வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் முறைப்படி திறந்திருக்கிறது, எங்கள் மதகுக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் மேலே போனதும் தென்னந்தோப்பு ஓரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. வைக்கோல், வாழைமட்டை, அதற்கு மேல் மண் அடைத்த நாலு சாக்கு, வாய்க்காலுக்குக் குறுக்கே அழகாக அடுக்கியிருந்தது. ஒரு சாக்கில் நீல மையில் இனிஷியலோடு பெயர். என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு அந்தச் சாக்கை மட்டும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

இப்போது பங்குனி. மேட்டூர் அடைத்தாயிற்று, வாய்க்காலில் ஆடு மேய்கிறது. ஆனிக்குள் எங்கள் நாலு ஊரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: கோரையாற்றில் இருந்து பிரிகிற எங்கள் கிளை வாய்க்காலை யார் பார்த்துக்கொள்வது, செலவுக்குப் பணம் யாரிடம் வாங்குவது, ராத்திரி அடைத்தவனை யார் கேட்பது. சங்கம் ஒன்று காகிதத்தில் இருக்கிறது. பாசனத்தை விவசாயிகளே பார்த்துக்கொள்ள தமிழ்நாடு 2000-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று, அதன்படி தலைவர், உறுப்பினர், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் உண்டு. ஸ்டாம்பு இருக்கிற பீரோவுக்குத்தான் சாவி இல்லை.

கோயில் மண்டபத்தில் இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் உலகமே வந்து உட்காரும். ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மச்சான் ஒருத்தர் நெதர்லாந்து மாதிரி வரி போடணும் என்கிறார். மகன் மெல்போர்னில் இருக்கிற ஒரு மாமா, தண்ணிக்கு விலை வைத்தால்தான் மதிப்பு வரும் என்கிறார். இன்னொருத்தர் எழுந்தால் உத்திரமேரூர் கல்வெட்டு. கடைசியில் பெரியப்பா எழுந்து, எதுக்குப்பா வம்பு, லஸ்கரே (ஷட்டர் பார்க்கிற அரசு ஊழியர்) பார்த்துக்கட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். நான் டிகிரி படித்தவன் என்பதால் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் நீளமாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுகிறேன். கர்நாடகம், எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலு, 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி., அந்த வருஷமே வந்த காவிரி மேலாண்மை ஆணையம், இதெல்லாம் நம் கூட்டத்தில் முடிவாகிற விஷயம் இல்லை. கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பேச்சு அங்கே போய்விடுகிறது, போனால் திரும்பி வருவதில்லை, ஏனென்றால் அங்கே எல்லாரும் ஒரே கட்சி. தென்னந்தோப்பு ஓரச் சாக்கைப் பற்றிப் பேசினால்தான் ஆளுக்கு ஒரு கட்சி.

சரி, நெதர்லாந்து. நம்மைப் போல அதுவும் ஆறுகள் கடலில் சேருகிற முகத்துவார நாடு, அதில் நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்கும் கீழே. அங்கே தண்ணீர் நிர்வாகத்துக்கென்று தனி வாரியங்கள் இருக்கின்றன, இன்றைக்கு 21. ரைன்லாந்து வாரியத்துக்கு 1255-லேயே ஆவணம் இருக்கிறது, நம் பக்கம் சோழர் ஆட்சி கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம். இந்த வாரியங்களுக்குத் தனித் தேர்தல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது, கடைசியாக 2023 மார்ச்சில் நடந்தது. தனி வரி போடுகிற அதிகாரமும் உண்டு. அரசிடம் போய் நிதி ஒதுக்குங்கள் என்று மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலம் வைத்திருப்பவர் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கட்டுவார், வீடு வைத்திருப்பவர் வீட்டுக்குக் கட்டுவார், வாடகைக் குடித்தனக்காரர்கூட அங்கே வசிப்பதற்காக ஒரு தொகை கட்டுவார். யாருக்கு ஆதாயமோ அவர் கட்டணும், கட்டுகிறவர் பேசணும். இதுதான் அவர்களுடைய பழைய கணக்கு.

மச்சான் இங்கேதான் நிறுத்துகிறார், ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணுங்கள், முடிந்தது என்கிறார். ஆனால் நான் படித்ததில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வாரியங்கள் முதலில் பிறந்தது தண்ணீர் கொண்டு வருவதற்காக இல்லை, தண்ணீரை வெளியேற்றுவதற்காக. ஒருத்தன் கரையைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்றால் உடைப்பு அவன் வயலோடு நிற்காது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்ததாம்: தன் பங்குக் கரையைப் பராமரிக்க முடியாதவன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டியது, அந்த மண்வெட்டியை எடுக்கிறவன் கரையோடு சேர்த்து நிலத்தையும் எடுத்துக்கொள்வான். கொடூரம்தான். ஆனால் கரை என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த சின்னச் சின்ன வாரியங்கள், 1953 பிப்ரவரி வெள்ளத்தில் 1,836 பேர் செத்த பிறகுதான் வேகமாக ஒன்று சேர்க்கப்பட்டன.

நம் ஊருக்கு வருகிறேன். ஆவணியில் அண்ணன் அடைத்தார், நாங்கள் காய்ந்தோம். கார்த்திகையில் என்ன நடந்தது? மூன்று நாள் விடாமல் மழை. எங்கள் ஊர் வடிகாலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பாய் விரித்த மாதிரி, தண்ணீர் நகரவில்லை. முதலில் மூழ்கியது வடிகால் ஓரத்துக் காலனித் தெரு. அடுத்து எங்கள் வயல். அடுத்த நாள் பின்னாலேயே ஏறிப்போய் அண்ணன் வயலும் மூழ்கியது, ஏனென்றால் அவர் தண்ணீர் வடிய எங்கள் வடிகாலை விட்டால் வேறு வழி கிடையாது. பயிர் பொதி கட்டுகிற நேரம். அண்ணன் கரையில் நின்று, இந்த வடிகாலை வெட்டிவிடக்கூட உங்களுக்கு வக்கில்லையா என்று கத்தினார். நானும் ஏதோ பதிலுக்குக் கத்தினேன். ஆவணியில் அவர் கையில் எங்கள் குடுமி, கார்த்திகையில் எங்கள் கையில் அவர் குடுமி, இது அன்றைக்கு இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பாசன வாய்க்கால் தூர் வாரச் சொல்லி எத்தனை மனு, எத்தனை மறியல், வடிகாலுக்கென்று யாராவது போய் உட்கார்ந்திருக்கிறோமா? நெதர்லாந்தில் இருந்து நாம் எடுக்க வேண்டியதில் வரி இரண்டாவதுதான், முதலாவது இது. இன்னொன்றும் இருக்கிறது. 1970-ல் அவர்கள் போட்ட சட்டப்படி கழிவு விடுகிறவர் அந்தக் கழிவின் அளவுக்கு வரி கட்ட வேண்டும், வீடானாலும் ஆலையானாலும். மேலே இருக்கிற டவுன்களின் சாக்கடை எந்த ஆற்றில் கலந்து எங்கள் நாற்றங்காலுக்கு வருகிறது என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். டவுன்காரரும் வடிகாலுக்குக் காசு கட்டணும் என்று கூட்டத்தில் நான் சொன்னபோது சிரித்தார்கள். அங்கே 21 வாரியமும் அந்தக் காசில்தான் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகின்றன.

அப்புறம் ஆஸ்திரேலியா, மெல்போர்ன் மாமாவின் கட்சி. முர்ரே, டார்லிங் என்று இரண்டு ஆறு, அந்தப் படுகை நாலு மாநிலத்தைத் தொடுகிறது, சண்டையும் நம்மைப் போலவே பழசு. 1994-ல் மாநிலங்களும் மத்திய அரசும் உட்கார்ந்து ஒரு சீர்திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டன, அதில் முக்கியமானது தண்ணீர் உரிமையை நிலத்தில் இருந்து பிரித்தது. நிலம் ஒருத்தரிடம் இருக்கலாம், தண்ணீர் உரிமை இன்னொருத்தரிடம் இருக்கலாம், வாங்கலாம், விற்கலாம், ஒரு பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு விடலாம். மதகில் எல்லாம் மீட்டர்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூற்றாண்டு முடிகிற சமயத்தில் ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கும் மேல் நீடித்த பஞ்சத்தில் நெல் போடுகிறவர்கள் தங்கள் தண்ணீரைத் திராட்சை, பாதாம் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். நெல்லை ஒரு வருஷம் போடாமல் இருக்கலாம், திராட்சைக் கொடி செத்தால் மறுபடி நட்டு வளர்க்க வருஷக் கணக்காகும். அந்த விற்பனையால்தான் தோட்டங்கள் பிழைத்தன, நெல்காரர்களுக்கும் கையில் ஏதோ காசு நின்றது. ஆனால் ஊருக்கு என்ன ஆனது? டெனிலிக்வின் என்று ஓர் ஊர், பூமியின் தெற்குப் பாதியிலேயே பெரிய அரிசி ஆலை அங்கேதான். 2000-01-ல் 16 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த நாட்டின் நெல், 2007-08-ல் 20,000 டன்னுக்கும் கீழே போனது. ஆலையை மூடினார்கள், மறுபடி திறக்கச் சில வருஷம் ஆயிற்று. தண்ணீரை விற்றவருக்குக் காசு வந்தது. ஆலையில் மூட்டை தூக்கினவர், டீக்கடைக்காரர், லாரி ஓட்டினவர் கையில் விற்பதற்கு என்ன இருந்தது?

சந்தை என்று வந்தால் தரகர் வருவார், அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்டுப் போட்டி ஆணையமே 2021-ல் முழுசாக விசாரித்து, தண்ணீர்த் தரகர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போதவில்லை, சந்தையில் நடப்பது விவசாயிக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்று அறிக்கை கொடுத்தது. விற்றுத் தீர்த்த தண்ணீரில் ஆற்றுக்கென்று கொஞ்சம் திரும்ப வாங்கிவிட 2012-ல் திட்டம் போட்டார்கள், வருஷத்துக்கு 2,750 ஜிகாலிட்டர். நம் கணக்கில் 97 டி.எம்.சி., அதாவது ஒரு முழு மேட்டூரையும் தாண்டி. ஆற்றுக்கே தண்ணீரை அரசு காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலைமை. அதற்குப் பிறகும் 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் மெனிண்டி பக்கம் டார்லிங் ஆற்றில் லட்சக் கணக்கில் மீன் செத்து மிதந்தது.

தண்ணீர் விற்பது நமக்குப் புதுசு இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர் பக்கத்து வயலுக்கு மணிக் கணக்கில் இறைத்துவிட்டுக் காசோ, அறுப்பில் மூட்டையோ வாங்கிக்கொள்வார். கரண்டு சர்க்கார் கொடுக்கிற இலவசம், தண்ணீர் பூமி கொடுக்கிற இலவசம், விலை மட்டும் அவருடையது. எங்கள் பக்கம் அந்த வழியும் கிடையாது, போர் போட்டால் உப்புத் தண்ணிதான். ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதான் கதி. அதையும் விலைக்கு விட்டால் வாய்க்கால் தொடக்கத்துத் தலைமடையில் இருக்கிற நாலு பேரும் சென்னையில் இருக்கிற ஒருத்தரும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வாய்க்கால் முடிகிற கடைமடை இறால் குட்டைக்குப் போய்விடும். மாமா கோபித்துக்கொண்டாலும் சரி, இதற்கு என் ஓட்டு இல்லை. அந்த மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மீட்டர்கூட வேண்டாம், மதகுச் சுவரில் பெயிண்டால் அடிக்கணக்கில் கோடு போட்டு வைத்தாலே பாதிச் சண்டை குறையும்.

இறால் குட்டை என்றதும் வியட்நாம் ஞாபகம் வருகிறது. அங்கே கட்சி சொல்வதுதான், ஓட்டும் கிடையாது சந்தையும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு படிக்கப் போனேன். மேகாங் டெல்டாவில் உப்புத் தண்ணீரைத் தடுக்க மதகணைகளைக் கட்டி நெல், நெல், மறுபடியும் நெல் என்று அரசு தள்ளியது. பாக் லியூ பகுதியில் இறால் வளர்ப்பவர்களுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், 2001-ல் அவர்களே போய் ஓர் அணையை உடைத்துவிட்டார்கள். உடைத்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டதோடு கதை முடியும் என்று எதிர்பார்த்தால், அரசு தன் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையே திருத்தியது: இந்தப் பகுதிக்கு நன்னீர், அந்தப் பகுதிக்கு ஒரு பருவம் உப்பு ஒரு பருவம் நன்னீர், கோடையில் இறால் மழையில் நெல். 2017 நவம்பரில் தீர்மானம் 120 என்று ஒன்று போட்டு, நெல்தான் முதல் என்பதையே கைவிட்டு மீனும் இறாலும் முதல், பழம் அடுத்தது, நெல் அதற்கப்புறம் என்று வரிசையை மாற்றினார்கள்.

நம்மால் அப்படி மாற்ற முடியுமா, மாற்றணுமா என்பது வேறு பேச்சு. நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினார், பக்கத்து வயலும் கிணறும் உப்பானதைப் பார்த்த ஊர்கள் இவை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று சொல்கிறது, எந்த ஊரில் என்ன பயிர் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மேலிருந்து வருகிற உத்தரவு நல்லதாக இருந்தால் ஒரே வருஷத்தில் மாறும், தப்பாக இருந்தால் யாராவது அணையை உடைக்கிற வரை மாறாது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இரண்டு இடம். ஸ்பெயினில் வலென்சியா நகரம், கதீட்ரல் கோயிலின் அப்போஸ்தலர் வாசல். வியாழக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு எட்டு வாய்க்காலின் எட்டுப் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் வந்து உட்காருவார்கள். எல்லாரும் விவசாயிகள், அந்தந்த வாய்க்கால்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஊழியர் ஒருத்தர் ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இந்த வாய்க்காலில் பிராது உண்டா என்று. இருந்தால் அங்கேயே விசாரணை. வக்கீல் கிடையாது, காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, தீர்ப்பும் அப்போதே, மேல்முறையீடு இல்லை. அரபுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே நடப்பதாகச் சொல்கிறார்கள். யுனெஸ்கோ 2009-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல வாரம் வழக்கே இருக்காதாம், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்களாம், சுற்றுலாக்காரர்கள்தான் ஏமாந்து நிற்பார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரே ஒரு விதி. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வாய்க்காலோ, அந்த வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். ஆற்றின் வலது கரைக்காரர் மேல் பிராது என்றால் இடது கரைக்காரர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். தென்னந்தோப்புச் சாக்கை நான் ஏன் ஆறு மாதமாக யாரிடமும் காட்டவில்லை? காட்டினால் பஞ்சாயத்தில் உட்காருகிறவர் ஒன்று எனக்கு மாமனாக இருப்பார், இல்லை அண்ணனுக்கு மாமனாக இருப்பார், பெரும்பாலும் இரண்டு பேருக்குமே மாமனாக இருப்பார். பெரியம்மா வீட்டு வாசப்படியை நான் மறுபடி மிதிக்க வேண்டாமா? பக்கத்து வாய்க்கால்காரர் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டு அபராதம் இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனால் அண்ணனும் கட்டிவிடுவார், பொங்கலுக்கு நானும் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

உத்திரமேரூர்க் கட்சிக்காரர் இங்கே சந்தோஷப்படலாம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதி இருக்கிறது, குடவோலை போட்டுத் தேர்ந்தெடுப்பது, வயது 35-க்கு மேல் 70-க்குள், முந்தின மூன்று வருஷம் பொறுப்பில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கின சொந்தக்காரரும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் போட்டால் எங்கள் நாலு ஊரில் தேர்தலே நடத்த முடியாது. ஆனால் அதே கல்வெட்டில் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும் என்றும் இருக்கிறது, அது பிராமணர்களின் சபை என்பதும் இருக்கிறது. குத்தகைக்காரர் அங்கே வாய் திறந்திருக்க முடியாது. கூட்டத்தில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

குடிமராமத்துப் பெருமையும் அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் வெட்டினோம் என்கிறோம். எந்த வீட்டில் இருந்து வந்தார்கள்? மிராசுதார் குடையோடு கரையில் நின்றார், மண்வெட்டி பிடித்தவர்கள் சேரியில் இருந்து வந்தவர்கள். அதையே 1858-ல் மதராஸ் சர்க்கார் கட்டாய உழைப்புச் சட்டம் என்று எழுதியும் வைத்தது. இப்போது காசு கொடுத்து பொக்லைன் வைத்து வெட்டலாம் என்று வந்திருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாவது இடம் பாலித் தீவு. அங்கே சுபாக் என்று பாசனச் சங்கம், ஒரே மதகில் பாய்கிற எல்லாரும் உறுப்பினர். நிலம் எவ்வளவு என்றாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு, தண்ணீர் மட்டும் நிலத்தின் அளவுக்கு. பங்கு பிரிப்பது எப்படி என்றால், வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் பங்குக்குத் தக்க அகலத்தில் வெட்டுகள். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது, ராத்திரி டார்ச் லைட்டோடு போக வேண்டியதில்லை. எந்தச் சுபாக் எப்போது நடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்று மேலே இருக்கிற தண்ணீர்க் கோயில்களில் கூடி முடிவெடுப்பார்கள். 1970-களில் அரசு வந்து, கோயிலாவது நாள் பார்ப்பதாவது, குறுகிய காலப் பயிரை அவரவர் இஷ்டத்துக்கு விடாமல் போடுங்கள் என்றது. தண்ணீர்ச் சண்டை வந்தது, அதைவிடப் பெரிதாகப் புகையான் வந்தது, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து வயலில் வெவ்வேறு வயதுப் பயிர் இருந்தால் பூச்சிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு.

அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தலைமடைக்காரர் ஏன் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்? அவர் மனசு தங்கம் என்பதால் இல்லை. கடைமடைக்காரர் தன்னோடு சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்தால்தான் தன் வயலில் பூச்சி குறையும். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் பயம், தலைமடைக்காரருக்குப் பூச்சி பயம், இரண்டு பயமும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம். இதைப் படித்த அன்றுதான் கார்த்திகையில் அண்ணன் கரையில் நின்று கத்தியது எனக்கு வேறு மாதிரி கேட்டது.

ஜப்பானும் தைவானும் மிச்சம், சுருக்கமாக. ஜப்பானில் 1949-ல் வந்த நில மேம்பாட்டுச் சட்டப்படி, ஒரு பகுதியில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் சங்கம் எல்லாரையும் கட்டுப்படுத்தும், மீதிப் பேரும் சந்தா கட்டியாக வேண்டும். எனக்கு முக்கியம், அங்கே பொது விதியாக உறுப்பினர் என்பவர் பயிர் செய்கிறவர், பட்டா வைத்திருப்பவர் இல்லை. நம் வாய்க்காலில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் எவ்வளவு என்று கணக்கெடுத்தால் குத்தகைக்காரரை விட்டுவிட்டுச் சங்கம் நடத்துவது எப்படி முடியும்? 1969-லேயே குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது, ஆனாலும் வாய்வார்த்தைக் குத்தகையில் உழுகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். பட்டாவைக் கேட்டால் சேற்றில் நிற்கிறவர் வெளியே நிற்பார், அம்பத்தூரில் இருப்பவர் உறுப்பினர் ஆவார்.

தைவான் ஓர் எச்சரிக்கை. அங்கே 17 பாசனச் சங்கங்கள், விவசாயிகளே சந்தா கட்டி நடத்தியவை, உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன அளவுக்கு ஒழுங்கு. 1990-களில் அரசு, பாவம் விவசாயி, சந்தாவை நாங்களே கட்டிவிடுகிறோம் என்றது. யார் வேண்டாம் என்பார்? கட்டாத காசுக்குக் கணக்குக் கேட்க யாருக்குத் தோன்றும்? 2020 அக்டோபர் 1-ஆம் தேதி சங்கங்கள் எல்லாம் அரசுத் துறையாக மாற்றப்பட்டன. எங்கள் கூட்டத்தில், முதல் வருஷச் சந்தாவை நானே எல்லாருக்கும் போட்டுவிடுகிறேன் என்று ஒரு பிரமுகர் கைதூக்கியபோது கைத்தட்டல் கேட்டது. நான் தட்டவில்லை.

பெரியப்பா சொல்வதற்கும் பதில் சொல்லணும். லஸ்கரே பார்த்துக்கட்டும் என்றால், அவர் பார்ப்பது ஆற்று ஷட்டரும் வாய்க்கால் தலைப்பும். ஒருத்தர் தலையில் ஏகப்பட்ட ஷட்டர், சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் இப்போது டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். தென்னந்தோப்பு ஓரம் ராத்திரி பதினொரு மணிக்கு அவர் எப்படி வருவார்?

ஆக நான் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு போகப் போவது இதுதான். வசூல் ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு, தலைமடை கடைமடை என்று பேதம் இல்லாமல், அதில் சரிபாதி வடிகாலுக்கு என்று முதலிலேயே தீர்மான நோட்டில் எழுதிவிட வேண்டும். ஓட்டு ஆளுக்கு ஒன்று, நிலத்துக்கு இல்லை, உழுகிறவருக்கு. நிலமே இல்லாத காலனித் தெருவுக்கும் வடிகால் விஷயத்தில் ஓட்டு உண்டு, முதலில் மூழ்குகிறவர் அவர்தான், இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், வரட்டும். பிராது வந்தால் பக்கத்து வாய்க்காலில் இருந்து மூன்று பேர், வியாழக்கிழமை சந்தைக்கு வருகிற நேரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்து வாயாலேயே கேட்டு முடிக்க வேண்டும், பதிலுக்கு அவர்கள் பிராதை நாம் கேட்போம். பிரமுகர் காசு வேண்டாம்.

அப்புறம் சாவி. கிளை மதகுகளின் ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கம்பியை எங்கள் பக்கம் சாவி என்றுதான் சொல்வோம், இரண்டு இருக்கிறது. பாசன மதகுச் சாவி கடைமடைக்காரர் வீட்டில் இருக்கட்டும், வடிகால் மதகுச் சாவி தலைமடைக்காரர் வீட்டில் இருக்கட்டும். அவர் தண்ணீரை நாங்கள் அடைக்க முடியாது, எங்கள் தண்ணீரை அவரும் அடைக்க முடியாது. எந்த நாட்டிலும் இப்படி இருப்பதாக நான் படிக்கவில்லை, பாலியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது தோன்றியது.

இதை முதலில் அண்ணனிடம்தான் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "சாவிய நீங்களே வச்சுக்குங்கடா, வடிகாலை நான் பாத்துக்கறேன். அந்தச் சாக்கை மட்டும் குடுத்துரு, உங்க பெரியம்மா கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். சாக்கு எங்கள் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தொங்குகிறது. வியாழக்கிழமை கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போவதா, அதற்கு முன்னாலேயே பெரியம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதா என்று சித்தப்பாவுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.